குரல் பார்த்துக் கொடுத்த வீடு

“எங்க, ஒரு தபா கூப்பிட்டுக் காட்டுங்க.”

வீடு கேட்டுப் போன இடத்தில் என்னிடம் இப்படிக் கேட்டார்கள். கேட்டவர் தனம்மா, வீட்டுச் சொந்தக்காரர். எழுபது வயது இருக்கும். மூக்கில் பேசரி, முழங்காலில் தைல வாசனை, கையில் பாதி உரித்த மல்லாட்டை. வேர்க்கடலையைத் திருவண்ணாமலைப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.

“யாரைம்மா கூப்பிடணும்?”

“யாரையாவது. மாடியில நின்னு கூப்பிட்டா இங்க முத்தத்துல நிக்கிறவங்களுக்குக் கேக்கணும். அவ்ளோதான்.”

நானும் ஊர் ஊராக வாடகை வீட்டில் குப்பை கொட்டியவள். கறி சமைப்பீர்களா, சுவரில் ஆணி அடிப்பீர்களா, நீங்கள் என்ன ஆளுங்க என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருப்பேன். குரலுக்குப் பரீட்சை வைத்த வீட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

போயும் போயும் என்னிடமா கேட்க வேண்டும்! போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும், படிக்காதவர்களுக்காக இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். நான் கணக்கு டீச்சர். குடியாத்தம் பக்கத்துப் பள்ளிகளில் இருபது வருஷம் கத்தியதில், தொண்டைக்குள் குரல் பிறக்கிற இடத்தில் சின்னதாக ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. “இனிமே கத்துனீங்கன்னா இருக்கிறதும் போயிடும்” என்று வேலூரில் டாக்டர் சொல்லி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இடுப்பில் ஸ்பீக்கர் கட்டி, காதோரம் மைக் மாட்டிக்கொண்டுதான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ‘ஈயம் பித்தாளை’.

அதை அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாடிக்கு ஏறினேன். முற்றத்துக்கு மேலே இரும்புக் கம்பி வலை போட்டிருந்தது. அதன் ஓரமாக நின்று, மூச்சை இழுத்துப் பிடித்து, “அக்கா! பால் வந்துடுச்சு!” என்று ஒரு கத்து கத்தினேன்.

கைப்பிடிச் சுவரில் இருந்த புறாக்கள் பறந்தன. கீழே பின்கட்டுக் கதவு திறந்து, பனியன் போட்ட ஒரு பெரியவர் தலையை நீட்டி அண்ணாந்து பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டார்.

“போதும், எறங்கி வாங்க. வீடு உங்களுக்குத்தான்” என்றார் தனம்மா.

அன்று சாயந்திரம் ஓட்டலில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்பதற்குக்கூட எனக்குக் குரல் எழும்பவில்லை. கையை ஆட்டித்தான் கேட்டேன்.

பௌர்ணமிக்கு எத்தனை பேர்?

ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். அதற்கு முந்தின மூன்று வாரம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் புரியும்.

திருவண்ணாமலைக்கு மாற்றல் உத்தரவு கையில், ஒரு சூட்கேஸ், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜ் அறை. என் வீட்டுக்காரருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். ஆக, வீடு தேடுவது என் தலையில்.

முதலில் ரமணாசிரமம் பக்கம் போனேன். அழகான அறைகள், மூங்கில் திரை, மாடியில் யோகா செய்ய இடம். ஆனால் வாடகையைக் கேட்டதும் மயக்கம் வந்தது. அந்த வீட்டுக்கார அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, “உங்களுக்குச் சரிப்படாதும்மா. ஆறு மாசம் தங்கிட்டுப் போறவங்களுக்குத்தான் நாங்க குடுக்கிறது” என்று நல்ல மாதிரியாகவே சொல்லி அனுப்பினார். வேங்கிக்காலில் புது வீடுகள் நிறைய இருந்தன. அங்கிருந்து என் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.

ஊருக்குள் வந்தால் எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி. “பௌர்ணமிக்கு எத்தனை பேர் வருவாங்க?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. இந்த ஊரில் ஒருவருக்கு வீடு கிடைத்துவிட்டால், அவருடைய சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் கிரிவலம் சுற்றிவிட்டுக் கால் நீட்ட ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். ஒன்றுவிட்ட சித்தப்பாவின் சம்பந்திகூட மாதம் தவறாமல் வருவாராம். தண்ணீர்த் தொட்டி காலியாகிவிடும் என்று வீட்டுக்காரர்களுக்குப் பயம். “எனக்கு யாருமே இல்லைங்க” என்று இரண்டு வீட்டில் சொல்லிப் பார்த்தேன். யாருமே இல்லாதவளுக்கு எப்படி வீடு கொடுப்பது என்று அதற்கும் சந்தேகப்பட்டார்கள்.

அப்படி அலுத்துச் சலித்துப் போயிருந்த ஒரு மத்தியானம்தான், தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இந்த வீட்டின் மாடி காலியாக இருப்பதாக முனையில் கடை போட்டிருந்த பூக்காரம்மா சொன்னாள். ஏறிப் பார்த்தேன். தேக்கு உத்தரம், மெட்ராஸ் டெரஸ் போட்ட கூரை, சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி பதித்த ஜன்னல். கதவைத் திறந்து மொட்டை மாடிக்குப் போனால் எதிரே முழு மலை. மறைக்க ஒன்றுமில்லை. அதைப் பார்த்த பிறகு குரல் என்ன, குட்டிக்கரணம் போடச் சொன்னாலும் போட்டிருப்பேன்.

மஞ்சள் கோடு

ஆனி மாதம் குடி வந்தேன். எனக்கு மூக்கை நுழைக்கிற புத்தி உண்டு, அதை மறைப்பதில்லை. அந்த வீடு அதற்குச் சரியான தீனி போட்டது.

கட்டியவர் தனம்மாவின் தாத்தா. மல்லாட்டை வியாபாரி. நான் குடியிருந்த மாடிதான் அந்தக் காலத்தில் அவருடைய மூட்டை அறை. மழை பெய்தால் தரையிலிருந்து எண்ணெய் வாசனை எழும்பும். எத்தனை கழுவினாலும் எறும்பு போகாது. செங்கல் இடுக்கில் ஒரு நாள் குச்சியை விட்டுக் குடைந்து பார்த்தேன். காய்ந்து கறுத்த மல்லாட்டைத் தோல் ஒன்று வந்தது. அதை ஒரு தீப்பெட்டியில் போட்டு இன்னும் வைத்திருக்கிறேன்.

கீழே முன்கட்டு தனம்மாவுக்கு. பின்கட்டு அவருடைய தம்பி ஏகாம்பரத்துக்கு. அன்று தலையை நீட்டிய பனியன்காரர் அவர்தான். மாடி இருவருக்கும் பொது. நடுவில் இருந்த முற்றத்தில் சரிபாதியாக ஒரு மஞ்சள் பெயிண்ட் கோடு. அந்தப் பக்கம் ஒரு துளசிச் செடி, இந்தப் பக்கம் ஒன்று. இங்கே ஒரு வாளி, அங்கே ஒரு வாளி. காக்கைக்குச் சோறு வைப்பதுகூட ஆளுக்கு ஒரு மூலையில்.

இருவரும் பேசிக்கொள்வதில்லை. எது சொல்வதென்றாலும் என் வழியாகத்தான். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது தனம்மா கூப்பிடுவார்.

“டீச்சர், மோட்டார் ஓடிக்கினே கீது, தொட்டி ரொம்பிப் போச்சுனு சொல்லுங்க.”

அவர் சொல்லும்போது ஏகாம்பரம் மூன்றடி தள்ளித்தான் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். நான் திரும்பி அவரிடம் சொல்வேன்.

“சார், மோட்டார்...”

“நிறுத்துறேன்னு சொல்லுங்க.”

நான் மறுபடி இந்தப் பக்கம் திரும்புவேன். காலையில் எட்டரை மணிக்கு இந்தக் கூத்து. நடுவில் எனக்குச் சிரிப்பு வரும். தொண்டைக்கு நல்லது என்று அடக்கிக்கொள்வேன்.

ஏன் இந்தச் சண்டை? எதற்கு என்னைக் கத்தச் சொன்னார்கள்? கேட்டால் தனம்மா, “கார்த்திகை வரட்டும், தானா தெரியும்” என்பார். எனக்கு அதுவரை பொறுக்குமா? பூக்காரம்மாவைப் பிடித்தேன்.

பன்னிரண்டு அடி தூரம்

ஏகாம்பரம் பஸ் கண்டக்டராக இருந்தவர். முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் நின்று “வேலூர், வேலூர்” என்று ஊரைக் கூப்பிட்டவர். அவருக்கு ஒரே மகள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கல்யாணம்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். எத்தனை நெருங்கிய சொந்தமானாலும், புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பூ பழம் வைத்து, வாய் திறந்து “கல்யாணத்துக்கு வந்துடுங்க” என்று சொல்ல வேண்டும். அத்தைக்கு அது இன்னும் முக்கியம்.

ஏகாம்பரம் ஊரெல்லாம் அப்படிப் போய் அழைத்தார். பஸ் ஏறிப் போளூர், ஆரணி எல்லாம் போய் அழைத்தார். பன்னிரண்டு அடி தள்ளி இருந்த அக்காவுக்கு மட்டும், அப்போது மாடியில் குடியிருந்தவர் கையில் பத்திரிகையைக் கொடுத்து அனுப்பிவிட்டார். ஒரே வீட்டில் இருக்கிற அக்காவுக்குத் தட்டு என்ன, அழைப்பு என்ன என்று நினைத்துவிட்டார்.

கல்யாணத்தன்று தனம்மா பட்டுப் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கூடத்தில் உட்கார்ந்திருந்தாராம். தம்பி வந்து ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் எழுந்து போயிருப்பார். தம்பி மண்டபத்திலிருந்து வாசலை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இவர் வரவில்லை. அவர் வந்து கூப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் மஞ்சள் கோடு.

இதைக் கேட்டுவிட்டு அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது, இரண்டு பேர் மேலும் பாவமாகவும் இருந்தது.

சரி, குரல் எதற்கு? அதையும் பூக்காரம்மாதான் சொன்னாள். கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் தீபம் ஏற்றியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இந்த ஊரில் வீட்டு விளக்கை ஏற்றுவார்கள். முற்றத்தில் நின்றால் சந்துக்கு எதிரே கட்டிய லாட்ஜ் மலையை மறைத்துவிடும், மாடியில் நின்றால்தான் அதற்கு மேலே மலை தெரியும். ஊரே அரோகரா போடுமே, அது போதாதா? போதாதாம். மழைக் காலம், உச்சியை மேகம் மூடிக்கொண்டால் பாதிப் பேர் பார்க்காமலே கத்துவார்கள். அதனால் அந்தக் குடும்பத்தில் ஒரு கட்டுப்பாடு. நம் வீட்டு மாடியில் நின்று, நம் ஆள் பார்த்து, குரல் கொடுக்க வேண்டும். முதலில் அவர்கள் அப்பா கொடுத்தார். பிறகு ஏகாம்பரம் கொடுத்தார். ஒன்பது வருஷமாக மாடியில் யார் குடியிருக்கிறார்களோ அவர்கள்.

எனக்கு முன்னால் இருந்தவர் பேங்க் கேஷியர். குரல் போதவில்லையாம். ஒரு தீபத்துக்கு அவர் கூப்பிட்டது கீழே கேட்கவில்லை. தை பிறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

மறுபடியும் அந்த லாட்ஜ் அறை, மறுபடியும் “பௌர்ணமிக்கு எத்தனை பேர்” என்ற கேள்வி. இந்த மலையைப் பார்த்துப் பழகிவிட்டு இனி எந்தச் சுவரைப் பார்த்து எழுந்திருப்பது?

செய்து வைத்த ஏற்பாடு

கத்துவதற்கு ஆள் ஏற்பாடு செய்தேன். வேறு யார், என் வீட்டுக்காரர்தான். அவர் சாதாரணமாகப் போனில் பேசினாலே ஓசூரில் பேசுவது போனில்லாமல் இங்கே கேட்கும். “நான் பக்கத்துல நிக்கிறேன், நீங்க கூப்பிடுங்க. யார் கூப்பிட்டா என்ன?” என்றேன். வருகிறேன் என்றார்.

துணைக்கு இடுப்பு ஸ்பீக்கரையும் பள்ளியிலிருந்து எடுத்து வந்து வைத்துக்கொண்டேன். கணக்கு டீச்சர் இல்லையா, இரண்டாவது வழி இல்லாமல் எதிலும் இறங்க மாட்டேன்.

தீபத்தன்று காலையிலிருந்து தூறல். வெல்லப் பாகில் பொரி உருண்டை பிடிக்கும் வாசனை தெரு முழுக்க. மாலை நாலு மணிக்கு என் வீட்டுக்காரரிடமிருந்து போன். “டவுனுக்குள்ள பஸ்ஸை விடல. எங்கியோ வயல் நடுவுல எறக்கி விட்டுட்டான். நடந்து வரேன்.” ஐந்து மணிக்கு மறுபடி. “கூட்டத்துல மாட்டிக்கிட்டேன், நகர முடியல.” அதற்கப்புறம் அவரும் கிடைக்கவில்லை, போனும் வேலை செய்யவில்லை. ஊரில் இத்தனை லட்சம் பேர் இருந்தால் டவர் என்ன செய்யும்!

ஐந்தரைக்குக் கீழே எல்லா விளக்கையும் அணைத்துவிட்டார்கள். கம்பி வலை வழியாகக் குனிந்து பார்த்தேன். முற்றத்தில் இந்தப் பக்கம் தனம்மா, அந்தப் பக்கம் ஏகாம்பரம். ஆளுக்கு ஒரு தீப்பெட்டி. கோட்டுக்கு இரண்டு புறமும் எண்ணெய் ஊற்றித் திரி போட்ட அகல்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தட்டு உருண்டது

மலை உச்சியில் மேகம். எங்கெங்கோ மாடிகளில் ஜனங்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆறு மணி இருக்கும். கோயில் பக்கமிருந்து ஒரு பேரிரைச்சல் எழும்பியது. பட்டாசு வெடித்தது. ஊரே “அண்ணாமலையாருக்கு அரோகரா” என்றது.

எனக்குத் தெரிந்தது வெறும் மேகம்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். பொய்யாகக் கூப்பிடக் கூடாது என்று அப்போது எனக்கே ஒரு வீம்பு வந்துவிட்டது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். மேகம் மெல்ல விலகியது. விரல் நுனி அளவுக்கு ஆரஞ்சு நிறத்தில் ஒரு வெளிச்சம், நடுங்கி, பிறகு நிலைத்து நின்றது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

மறுபடி முயன்றேன். கதவு இடுக்கில் விரல் வைத்தாற்போல் ஒரு கிரீச். அவ்வளவுதான். சட்டென்று ஸ்பீக்கரை முடுக்கினேன். “கீ...” என்று தெருநாய் பயப்படும்படி ஒரு சத்தம் போட்டு அதுவும் அணைந்துவிட்டது. சார்ஜ் போட மறந்திருக்கிறேன். இரண்டாவது வழி வைத்திருந்த லட்சணம்!

கீழே தனம்மாவின் குரல். “இன்னாம்மா, தெரியுதா இல்லியா?”

பதறிப்போய் உள்ளே ஓடினேன். பெரிய பித்தளைத் தாம்பாளமும் கரண்டியும் கையில் அகப்பட்டன. தட்டியாவது சொல்லிவிடலாம் என்று படி வழியாகவே இறங்கப் போனேன். தூறலில் நனைந்த கை. தாம்பாளம் நழுவியது. இருபத்திரண்டு படி. ஒவ்வொரு படியிலும் ஒரு சத்தம் போட்டுக்கொண்டு அடிவரைக்கும் உருண்டு போய், கடைசியில் சுற்றிச் சுற்றி அடங்கியது.

“ஐயையோ, டீச்சர் வுழுந்துட்டாங்க!” என்று தனம்மா அலறினார். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவரால் எங்கே ஏற முடியும்? தடதடவென்று ஏறி வந்தவர் ஏகாம்பரம். வேட்டியை மடித்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து என்னைப் பார்த்தார். நான் முழுசாக நின்றுகொண்டிருந்தேன். என் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். கையை விரித்தேன். பிறகு மலையைக் காட்டினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். ஒன்பது வருஷமாக அவர் அந்த மாடிக்கு ஏறியதில்லை. தீபத்தைப் பார்த்தவுடன் கை தானாகக் குவிந்தது.

“ஏம்மா, உசுரோட கீறீங்களா? யாராவது சொல்லுங்களேன்!” கீழே தனம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

நான் ஏகாம்பரத்தின் முகத்தைப் பார்த்தேன். சொல்லுங்கள் என்று கும்பிட்டேன். அவர் இரண்டடி நடந்தார், நின்றார். பிறகு கம்பி வலை ஓரமாகப் போய்க் குனிந்து, பஸ் ஸ்டாண்டில் முப்பது வருஷம் கத்திய அந்தத் தொண்டையால் கூப்பிட்டார்.

“யக்கா! தெரியுதுக்கா! ஏத்து!”

எதிர் லாட்ஜ் மாடியில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

கீழே தனம்மா அண்ணாந்து தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

“இப்பதான் உனுக்கு வாய் வந்துச்சா?”

தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு அகலாக ஏற்றிக்கொண்டே போனார். தன் பக்கம் முடிந்தது. தம்பி பக்கத்தில் ஏற்ற ஆள் இல்லை, அவர்தான் மாடியில் நிற்கிறாரே. தனம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எரிகிற அகல் ஒன்றைக் கையில் எடுத்து, மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய் அங்கேயும் ஏற்ற ஆரம்பித்தார். ஏகாம்பரம் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார். தூறல் அவர் பனியனை நனைத்துக்கொண்டிருந்தது.

காலி செய்யச் சொன்னார்களா?

மறுநாள் விடிந்ததும் ஒரு நோட்டுத் தாளில் எல்லாவற்றையும் எழுதித் தனம்மாவிடம் நீட்டினேன். குரல் போன கதை, டாக்டர் சொன்னது, வீட்டுக்காக மறைத்தது. கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார்.

“அன்னிக்கே சொல்லியிருந்தா வீடு குடுத்திருக்க மாட்டேன்” என்றார்.

தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“சொல்லாத வரைக்கும் நல்லதாப் போச்சு. போங்க, போய் வெந்நீர்ல உப்புப் போட்டுக் கொப்புளிங்க.”

ஒரு கத்தலில் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வாரமே “டீச்சர், மோட்டார்” ஆரம்பித்துவிட்டது. ஒன்பது வருஷத்துப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா? மஞ்சள் கோடும் அப்படியே கிடந்தது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூரில் மகளோடு இருந்த ஏகாம்பரத்தின் மனைவி வந்திருந்தார். நான் கம்பி வலை ஓரமாகத் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்கட்டுக் கதவு திறந்தது. அவர் சலவை வேட்டி, அந்த அம்மா பட்டுப் புடவை. கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, பூ, பழம், நடுவில் மஞ்சள் தடவிய பத்திரிகை. பேத்திக்குக் காதுகுத்து.

பன்னிரண்டு அடி. இருவரும் அதை நடந்து கடக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் போளூருக்கே போயிருக்கலாம். நான் கையில் பிழிந்த துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். மூக்கை நுழைக்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

தனம்மாவின் கதவுக்கு முன்னால் நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஏகாம்பரம் கூப்பிட்டார். பதற்றத்தில் பழைய கண்டக்டர் குரல் வந்துவிட்டது. சந்து முழுக்கக் கேட்டது.

“யக்கா! பேத்திக்குக் காதுகுத்து! நீதான் முன்ன நின்னு நடத்தணும்! வந்துடுக்கா!”

உள்ளே எதையோ கீழே வைக்கும் சத்தம். கதவு திறந்தது. தனம்மா தட்டைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

“எதுக்குடா இப்படிக் கத்துற?” என்றார். “நான் இங்கதான கீறேன்.”